அன்ரிக்கு நாலு குளிசை, அம்மாவுக்கு ஏன் இரண்டு?

வெள்ளவத்தையிலிருந்து ஒரு வாசகி எழுதியிருக்கிறார்:

“அம்மாவுக்கு 74 வயது. பதினெட்டு வருடமாகச் சீனி வருத்தம், பிரஷரும் உண்டு. சீனிக்கு மெட்ஃபோமின் 500 மில்லிகிராம், மெதுவாகக் கரையும் வகை, நாளுக்கு நாலு எடுத்து வந்தார். போன மாதம் கிளினிக்கில் இரத்தம் பார்த்துவிட்டு அதை இரண்டாகக் குறைத்துவிட்டார்கள். முழங்கால் நோவுக்கு எடுத்த டைக்ளோபெனாக்கை அடியோடு நிறுத்தச் சொன்னார்கள். பிரஷருக்கான லொசார்டன், அம்லோடிபின், கொலஸ்ட்ரோலுக்கான அட்டோவாஸ்டட்டின் மூன்றும் பழையபடியே. ரிப்போர்ட்டில் கிரியட்டினின் 1.3, ஈ.ஜீ.எஃப்.ஆர். 43 என்று இருக்கிறது. எதிர்வீட்டு அன்ரிக்கு 58 வயது, அவர் அதே மெட்ஃபோமினை நாலு எடுக்கிறார், அவருக்கு ஒன்றும் ஆகவில்லை. ‘இவ்வளவு வருடம் விழுங்கின மருந்தெல்லாம் உள்ளே தேங்கித்தான் கிட்னி பழுதாகிவிட்டது’ என்று அம்மா பிடிவாதமாகச் சொல்கிறார். மாதத்தில் மூன்று நாள் எல்லாக் குளிசையையும் நிறுத்திவிட்டு, பார்லித் தண்ணீர் குடித்து உடம்பைக் கழுவப்போகிறாராம். போதாததற்கு, மலத்தோடு குளிசை முழுசாகப் போனதையும் பார்த்துவிட்டார். மருந்து கரைவதே இல்லை என்கிறார். நான் என்ன பதில் சொல்ல?”

முதலில் அந்த மூன்று நாள் விரதத்தைத் தடுத்து நிறுத்துங்கள். மிச்சத்தை ஆறுதலாகப் பேசலாம்.

பாமசி கவுன்டரில் நிற்கத் தொடங்கி எனக்கு இருபத்தாறு வருடம் ஆகிறது. “இந்த மருந்தெல்லாம் உள்ளே போய் எங்கே தங்குது?” என்று கேட்காத கிழமை இல்லை. நியாயமான கேள்விதான். ஆனால் பதில் சொல்ல நேரம் இருக்காது, பின்னால் பத்துப் பேர் துண்டோடு நிற்பார்கள். இன்றைக்கு இடம் கிடைத்திருக்கிறது.

அம்மா சொல்வதில் பாதி சரி. மருந்து தேங்கலாம். ஆனால் முன்னுக்கு நடந்ததைப் பின்னுக்கும் பின்னுக்கு நடந்ததை முன்னுக்கும் வைத்துவிட்டார். சிறுநீரகம் களைத்துப்போனதால் மெட்ஃபோமின் தேங்கப் பார்க்கிறது. மெட்ஃபோமினால் சிறுநீரகம் களைக்கவில்லை. களைக்க வைத்தது பெரும்பாலும் பதினெட்டு வருடச் சீனியும் பிரஷரும்தான். அந்த முழங்கால் குளிசைக்கும் ஒரு பங்கு இருக்கலாம், அதற்குப் பிறகு வருகிறேன்.

மெட்ஃபோமின் கொஞ்சம் விசித்திரமான மருந்து. வாயால் விழுங்கும் மருந்துகளில் பெரும்பாலானவை கல்லீரலில் உருமாறித்தான் உடம்பை விட்டுப் போகும். மெட்ஃபோமின் வேலை செய்வதே முக்கியமாகக் கல்லீரலில்தான், ஆனால் கல்லீரல் அதைத் தொட்டு மாற்றுவதில்லை. விழுங்கியதில் ஏறக்குறைய பாதி இரத்தத்துக்குள் நுழைகிறது. நுழைந்தபோது எப்படி இருந்ததோ அப்படியே சிறுநீரோடு போய்விடுகிறது. வேறு வாசல் அதற்குக் கிடையாது.

நல்ல சிறுநீரகம் உள்ளவருக்கு, இரத்தத்தில் இருக்கும் மெட்ஃபோமினில் பாதி போக 6 மணித்தியாலம் அளவில் எடுக்கும். அடுத்த 6 மணித்தியாலத்தில் மிச்சம் எல்லாம் போய்விடாது, மிச்சத்தில் பாதிதான் போகும். அதற்கடுத்து அதில் பாதி. அம்மா படித்த காலத்து வாய்ப்பாட்டில் இது அப்படியே இருக்கிறது: அரை, கால், அரைக்கால், வீசம். 24 மணித்தியாலத்தில் வீசம், அதாவது பதினாறில் ஒரு பங்குதான் மிஞ்சும். ஐந்து தடவை பாதியானால் நூற்றில் மூன்று. பதினெட்டு வருடத்துக்கு முந்தியது இருக்கட்டும், போன கிழமை விழுங்கியதே இன்றைக்கு அம்மாவிடம் இல்லை.

இப்போது சிறுநீரகம் பாதி வேகத்தில் ஓடுகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு பாதிக்கும் 12 மணித்தியாலம் வேண்டும். மறுநாள் குளிசையைக் கையில் எடுக்கும் நேரத்தில் நேற்றையதில் கால் பங்கு இன்னும் உள்ளே நிற்கும். அதற்கு மேல் இன்றையது, அதற்கு மேல் நாளையது. இப்படியே ஏறிக்கொண்டு போகுமா என்றால், போகாது. உள்ளே கூடக்கூட வெளியே போவதும் கூடும், ஏனென்றால் சிறுநீரகம் இத்தனை மில்லிகிராம் என்று எண்ணி அனுப்புவதில்லை, இருப்பதில் ஒரு பங்கை அனுப்புகிறது. சில நாளில் வரவும் செலவும் சமன்படும். ஆனால் அந்தச் சமன் அன்ரியுடைய இரத்தத்தில் இருப்பதைப் போல இரண்டு மடங்கில் நிற்கும்.

உங்கள் ஊர்க் கால்வாயை நினைத்துப் பாருங்கள். கடலில் விழும் இடத்தில் மணல் அடைத்துக்கொண்டால், போன வருடம் ஒன்றும் செய்யாத அதே மழை இந்த வருடம் ஒழுங்கையில் முழங்காலளவு நிற்கும். மழை கூடவில்லை. அம்மாவுக்குக் குளிசையைப் பாதியாக்கியது மழையைக் குறைத்த மாதிரி. இரண்டு குளிசையில் அம்மாவின் இரத்தத்தில் நிற்கும் அளவும், நாலு குளிசையில் அன்ரியின் இரத்தத்தில் நிற்கும் அளவும் கிட்டத்தட்ட ஒன்றாக இருக்கக்கூடும். அம்மாவுக்கு மருந்தைக் குறைத்துவிட்டார்கள் என்று கவலைப்படாதீர்கள். பழைய அளவுக்கே கொண்டுவந்திருக்கிறார்கள்.

(இந்தப் பங்குக் கணக்குக்கு அடங்காத ஒரு பேர்வழி சாராயம். அதைக் கல்லீரல் பங்கு போட்டு அனுப்பாது. எவ்வளவு குடித்தாலும் மணிக்கு இவ்வளவுதான் என்று ஒரே வேகத்தில் எரிக்கும். கலியாண வீட்டிலிருந்து திரும்பும்போது தேசிக்காய்த் தண்ணீரும் கறுப்புக் கோப்பியும் குடித்து ‘இறக்கி’விட்டுக் கார் ஓட்டலாம் என்பவர்கள் இதை இரண்டு தரம் வாசிக்கவும்.)

அந்த 1.3 பெரிய எண்ணாகத் தெரியாது. கிரியட்டினின் என்பது தசையிலிருந்து வரும் கழிவு. தசை குறைந்த வயதான பெண்ணிடம் அது உற்பத்தியாவதே குறைவு. குறைவாக உற்பத்தியாகியும் 1.3 நிற்கிறது என்றால் வடிகட்டல் நன்றாகக் குறைந்திருக்கிறது என்று பொருள். அதனால்தான் வயதையும் ஆணா பெண்ணா என்பதையும் சேர்த்து, சிறுநீரகம் வடிகட்டும் வேகத்தைக் கணக்கிட்டு ஈ.ஜீ.எஃப்.ஆர். என்று போடுகிறார்கள். அம்மாவுக்கு 43 வந்திருக்கிறது. அதே 1.3 ஒரு 35 வயது ஆணுக்கு இருந்தால் 70க்கு மேல் வரும். மெட்ஃபோமினைப் பொறுத்தவரை 45க்கும் 30க்கும் இடையில் அளவைக் குறைப்பார்கள், 30க்குக் கீழே போனால் நிறுத்திவிடுவார்கள். கிளினிக்கில் செய்தது இதைத்தான்.

இவ்வளவு கவனம் எதற்கு? மெட்ஃபோமினுக்கு ஃபென்ஃபோமின் என்றொரு அக்கா இருந்தாள். இரத்தத்தில் லக்டிக் அமிலம் ஏறி ஆட்கள் சாகத் தொடங்கியதால் 1970களின் கடைசியில் அமெரிக்கா உட்படப் பல நாடுகளில் அதை எடுத்துவிட்டார்கள். தங்கை எவ்வளவோ சாது. அவளால் அந்த நிலைமை வருவது மிக அபூர்வம். ஆனால் வந்தால், அநேகமாக சிறுநீரகம் திடீரென்று படுத்துக்கொண்ட ஒருவருக்குத்தான் வரும்.

அப்படியென்றால் தண்ணீர் குடித்துக் கழுவிவிடலாமே? இந்த இடத்தில்தான் பார்லித் தண்ணீர் தோற்கிறது. ஆரோக்கியமான இரண்டு சிறுநீரகங்கள் நாளுக்கு 180 லீற்றர் அளவில் வடிகட்டுகின்றன. அதில் சிறுநீராக வெளியே வருவது ஒன்றரை, இரண்டு லீற்றர். மிச்சம் எல்லாம் திரும்ப உள்ளே எடுக்கப்படுகிறது. நீங்கள் இரண்டு லீற்றர் கூடக் குடித்தால் அந்தத் திரும்ப எடுப்பது கொஞ்சம் குறையும், சிறுநீர் வெளிறும், ராத்திரி நாலு தரம் எழும்ப வேண்டிவரும். வடிகட்டும் வேகம் அப்படியே இருக்கும். அதோடு மெட்ஃபோமின் வடிந்து மட்டும் போவதில்லை. சிறுநீரகக் குழாய்களின் சுவரில் உள்ள கலங்கள் அதை இரத்தத்திலிருந்து பிடித்துச் சிறுநீருக்குள் தள்ளுகின்றன. தள்ளுகிற கை களைத்துவிட்டால், பக்கத்தில் ஆறு ஓடினாலும் பயன் இல்லை.

தள்ளுகிற கை பலமாக இருந்தால் என்ன நடக்கும் என்பதற்குப் பென்சிலினின் முதல் நாட்களைப் பார்க்க வேண்டும். 1941 பெப்ரவரியில் ஒக்ஸ்ஃபோர்டில் அல்பேர்ட் அலெக்ஸாண்டர் என்ற பொலிஸ்காரருக்குப் பென்சிலின் ஏற்றினார்கள். முகமெல்லாம் சீழ் பிடித்துக் கிடந்தவர், காய்ச்சல் இறங்கிச் சாப்பிடத் தொடங்கினார். ஆனால் அவருடைய சிறுநீரகங்கள் மருந்தை ஏற்ற ஏற்ற வெளியே தள்ளின. உலகத்தில் அன்றைக்கு இருந்த பென்சிலினே கொஞ்சம்தான். அதனால் அவருடைய சிறுநீரைச் சேர்த்து எடுத்து, அதிலிருந்து பென்சிலினைப் பிரித்து, மறுபடி அவருக்கே ஏற்றினார்கள். அப்படியும் போதவில்லை. மருந்து தீர்ந்தது, மார்ச்சில் அவர் இறந்துபோனார். மருந்து உடம்பில் தங்கிவிடுமோ என்று அம்மா பயப்படுகிறார், அந்த வைத்தியர்களோ மருந்து தங்கவில்லையே என்று தவித்திருக்கிறார்கள்.

மலத்தில் வந்த குளிசைக்கு வருவோம். அது குளிசை இல்லை, கோது. மெதுவாகக் கரையும் வகையில் மருந்தை ஒரு பசைபோன்ற சட்டத்துக்குள் வைத்திருப்பார்கள். குடலில் போகும் வழியெல்லாம் மருந்து கசிந்து வெளியேறும், சட்டம் மட்டும் உருக் குலையாமல் கடைசிவரை போய்ச் சேரும். முருங்கைக்காயைச் சப்பிவிட்டுத் தட்டின் ஓரத்தில் வைக்கிறோமே, அந்தச் சக்கை மாதிரி. கரையவில்லையே என்று நினைத்து இந்த வகைக் குளிசையை உடைத்தோ பொடியாக்கியோ கொடுத்துவிடாதீர்கள். நாள் முழுக்கக் கசிய வேண்டியது ஒரே நேரத்தில் இறங்கிவிடும்.

மற்ற மூன்றையும் ஏன் குறைக்கவில்லை என்று நீங்கள் கேட்கவில்லை, ஆனால் அம்மா கட்டாயம் கேட்பார். அவற்றுக்குச் சிறுநீரகம் பிரதான வாசல் இல்லை. மெட்ஃபோமின் தண்ணீரில் நன்றாகக் கரையும். அட்டோவாஸ்டட்டின், அம்லோடிபின் போன்றவை கொழுப்போடு ஒட்டும் சாதி. மீன் பொரித்த சட்டியை வெறும் தண்ணீரில் எவ்வளவு அலசினாலும் பிசுக்குப் போகாது, இல்லையா? சிறுநீரகத்தில் வடிந்தாலும் இந்த மருந்துகள் குழாயின் சுவர் வழியாக நழுவித் திரும்ப இரத்தத்துக்கே வந்துவிடும். கல்லீரல்தான் இங்கே சவர்க்காரம். முதலில் மருந்தின் உருவத்தைக் கொஞ்சம் வெட்டி மாற்றும், தேவைப்பட்டால் அதில் தண்ணீர் விரும்பும் ஒரு துண்டை ஒட்டிவிடும். அப்புறம் அது சிறுநீரோடோ பித்தத்தோடோ போகும். அட்டோவாஸ்டட்டின் பெரும்பாலும் பித்தத்தோடு குடலுக்குப் போய் மலத்தில்தான் போகிறது. சிறுநீரில் நூற்றுக்கு இரண்டுகூட வராது. சிறுநீரகம் களைத்தாலும் அதன் கணக்கு மாறாது.

அம்லோடிபினின் ‘பாதி நேரம்’ 30 முதல் 50 மணித்தியாலம். ஒரு நாள் மறந்துபோனாலும் பிரஷர் உடனே துள்ளாததற்கு அதுதான் காரணம். ஆனால் மூன்று நாள் விட்டால் அந்தப் பாதுகாப்பும் கரைந்துவிடும். லொசார்டன் அவ்வளவு நேரம் நிற்காது. மூன்று நாளில் பிரஷரும் சீனியும் ஏறினால், ஏற்கெனவே களைத்த சிறுநீரகத்துக்குத்தான் அடி.

லொசார்டனில் இன்னொரு வேடிக்கை உண்டு. கல்லீரல் என்றாலே மருந்தை அழிப்பது என்று நினைப்போம். இங்கே விழுங்கிய லொசார்டனில் ஒரு சிறு பங்கைக் கல்லீரல் வேறொரு பொருளாக மாற்றுகிறது, அந்தப் பொருள் மூல மருந்தைவிடப் பல மடங்கு பலசாலி. அம்மாவின் பிரஷரைப் பிடித்து வைத்திருப்பதில் பெரும்பங்கு அம்மாவின் கல்லீரலே தயாரித்த மருந்துக்குத்தான்.

இப்போது முழங்கால். டைக்ளோபெனாக்கை நிறுத்தச் சொன்னது அது தேங்கும் என்பதற்காக இல்லை. அதையும் கல்லீரல்தான் மாற்றுகிறது, இரண்டு மணித்தியாலத்துக்குள் பாதி போய்விடும். அது செய்யும் கெடுதல் வேறு. சிறுநீரகத்தின் ஒவ்வொரு சின்ன வடிகட்டிக்கும் இரத்தம் வரும் குழாய் ஒன்று, போகும் குழாய் ஒன்று. டைக்ளோபெனாக், ஐபுபுரோஃபன் போன்ற நோக்குளிசைகள் வரும் குழாயை இறுக்கும். லொசார்டன் போகும் குழாயைத் தளர்த்தும். லொசார்டன் மட்டும் என்றால் அது சிறுநீரகத்துக்கு நல்லது. இரண்டும் சேர்ந்தால் வடிகட்டிக்குள் அழுத்தமே இல்லாமல் போகும். கூடவே சலம் போகப் பண்ணும் குளிசையும் இருந்தாலோ, வயிற்றோட்டம் வந்து உடம்பு வற்றியிருந்தாலோ ஒரு சில நாளில் சிறுநீரகம் நின்றுபோகலாம். அப்போது மெட்ஃபோமினும் வெளியேற வழியின்றி மாட்டிக்கொள்ளும்.

கொட்டாஞ்சேனைப் பக்கமிருந்து வரும் ஒரு ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருநாள் இரண்டு உறைகளைக் கவுன்டரில் கொட்டினார். ஒன்று கிளினிக்கில் கொடுத்தது, மற்றது தனியார் வைத்தியரிடம் காட்டி வாங்கியது. இரண்டு உறையிலும் நோக்குளிசை, நிறமும் பெயரும் வேறு வேறு. உள்ளே இருந்தது ஒன்றேதான், டைக்ளோபெனாக். ஒரு மாதமாக இரட்டிப்பாக விழுங்கியிருக்கிறார். கம்பெனிப் பெயரை விட்டு மருந்தின் சொந்தப் பெயரில் எழுதுங்கள், வாங்குங்கள் என்று வாதாடிய பேராசிரியர் சேனக பிபிலே பிறந்த நாடு இது. 1971இல் அரச மருந்தாக்கல் கூட்டுத்தாபனம் வந்ததே அவருடைய முயற்சியால்தான். இன்னமும் நாங்கள் குளிசையை நிறத்தால்தான் அடையாளம் சொல்கிறோம்.

நோவுக்கு என்ன செய்வது? பனடோல், அதாவது பரசிற்றமோல், எடுக்கலாம். கல்லீரல் அதில் பெரும்பகுதியை மேலே சொன்ன ‘ஒட்டும்’ முறையில் ஆபத்தில்லாமல் அனுப்பிவிடும், இரண்டு மூன்று மணித்தியாலத்தில் பாதி போய்விடும். நூற்றில் ஐந்து பத்துப் பங்கு மட்டும் வேறு வழியில் திரும்பி ஒரு நச்சுப் பொருளாகும். அதைக் கல்லீரலில் இருக்கும் குளூட்டதயோன் என்ற காவல் பொருள் பிடித்து அடக்கிவிடும். அளவு மீறி விழுங்கினால் குளூட்டதயோன் தீர்ந்து அந்த நச்சு கல்லீரலையே தின்னும். வளர்ந்தவர்களுக்கு 500 மில்லிகிராம் குளிசை நாளுக்கு எட்டு என்பது உச்ச எல்லை. மெலிந்த, வயதான ஒருவருக்கு அவ்வளவு வேண்டாம். எத்தனை என்று வைத்தியரிடமே கேளுங்கள். தடிமனுக்கு விற்கும் கூட்டுக் குளிசைகளிலும் பனடோல் மருந்துதான் இருக்கிறது, அதையும் எண்ணிக்கையில் சேருங்கள். பூசும் டைக்ளோபெனாக் ஜெல்லில் இரத்தத்துக்குப் போவது மிகக் குறைவு. ஆனாலும் கேட்காமல் தொடங்க வேண்டாம்.

பார்லித் தண்ணீரில் அம்மாவுக்கு ஆசை இருந்தால் ஒரு கிளாஸ் குடிக்கட்டும், தாகம் தீரும். நான் பயப்படுவது காமரங்காய்க்கு. வெட்டினால் நட்சத்திரம் போல இருக்குமே, அதுதான். ‘இயற்கைப் பழம், உடம்பைக் கழுவும்’ என்று யாராவது ஜூஸ் அடித்துக் கொடுப்பார்கள். அதில் ஒக்ஸலேட் ஏராளம், நரம்பைத் தாக்கும் ஒரு பொருளும் உண்டு. நல்ல சிறுநீரகம் அதை அனுப்பிவிடும், பழுதான சிறுநீரகத்தால் முடியாது. நிற்காத விக்கலில் தொடங்கி, குழப்பம், வலிப்பு வரை போகும். அம்மாவுக்கு அது இனி வேண்டவே வேண்டாம்.

ஜம்போலாவையும் (பம்பளிமாஸ்) சொல்லிவிடுகிறேன். குடல் சுவரில் மருந்தை மாற்றும் ஒரு நொதியை அதன் சாறு முடக்கும். அதனால் கூடுதல் மருந்து இரத்தத்துக்குள் போய்விடும். அதன் உறவுக்காரப் பழமான கிரேப்ஃபுரூட்டில் இது தற்செயலாகத்தான் தெரியவந்தது. கனடாவில் பிரஷர் மருந்தோடு மதுசாரம் சேரும்போது என்ன நடக்கும் என்று பார்த்த ஓர் ஆய்வில், மதுசாரத்தின் ருசியை மறைக்க அந்தச் சாற்றைக் கலந்தார்கள். மருந்தின் அளவு ஏறியதற்குக் காரணம் சாறுதான் என்று பின்னால் புரிந்தது. அது வெளியானது 1989இல். அட்டோவாஸ்டட்டின் எடுக்கும் அம்மா ஓரிரு சுளை சாப்பிட்டால் குடி முழுகாது. கிளாஸ் கிளாஸாகச் சாறு வேண்டாம்.

அடுத்த கிளினிக் நாளில் மூன்று விஷயம் கேளுங்கள். வாந்தி வயிற்றோட்டம் வந்து சாப்பிட முடியாத நாட்களில் எந்தக் குளிசைகளை நிறுத்தி வைக்க வேண்டும் என்பது முதலாவது. பெரும்பாலும் மெட்ஃபோமினையும் லொசார்டனையும் சொல்வார்கள். ஆனால் அதை அம்மாவுக்கென்று எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். சாயம் ஏற்றி ஸ்கான் எடுக்க நேர்ந்தால் மெட்ஃபோமினை எப்போது நிறுத்துவது என்பது இரண்டாவது. மூன்றாவது, விற்றமின் பி12 பார்ப்பது. மெட்ஃபோமினை நீண்ட காலம் எடுப்பவர்களுக்கு அது குறையலாம். பி கொம்ப்ளெக்ஸ் எழுதிக் கொடுத்தால் மறுநாளே சிறுநீர் பளீரென்று மஞ்சளாகும். இப்போதே அம்மாவிடம் சொல்லி வையுங்கள், இல்லாவிட்டால் ‘பார்த்தியா, ஈரலும் போச்சு’ என்பார். அது மிஞ்சிய பி2 வெளியே போகிற நிறம்தான்.

இடையில் அம்மா வாந்தி எடுத்து, வயிறு நோகிறது என்று சொல்லி, மூச்சும் வேகமாக வாங்கிச் சோர்ந்து விழுந்தால் எனக்கு எழுதிக்கொண்டிருக்க வேண்டாம். கையில் குளிசை உறைகளை எடுத்துக்கொண்டு நேரே அவசர சிகிச்சைப் பிரிவுக்குப் போங்கள்.

எதிர்வீட்டு அன்ரியிடமும் ஒரு கேள்வி கேட்டுப் பாருங்கள்: அவர் கடைசியாகக் கிரியட்டினின் பார்த்தது எப்போது? அந்த நாலு குளிசை அவருக்குச் சரிதானா என்பது அந்த ரிப்போர்ட்டைப் பார்த்தால்தான் தெரியும்.